ஒரு டவுன்லோடு விற்றால் பாட்டைப் படைத்தவருக்குப் பணம் எப்படி வந்து சேர்கிறது? அமெரிக்க முறைக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு டிஜிட்டல் கடையில் உங்கள் பாட்டு 99 சென்ட்டுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் அதைத் தன் கணினியில் இறக்கிக்கொண்டார். அந்தப் பணத்தில் வரிகளை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. அது சட்டமே குறித்துவைத்த தொகை, யாரும் தயவுபண்ணித் தருவதல்ல. ஆனாலும் புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பலர் அதைக் கேட்டு வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். பணம் எந்த வழியாக வருகிறது, நடுவில் யார் கையில் தங்குகிறது என்பது தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். அந்த வழியை முதலிலிருந்து பார்ப்போம்.

பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு

எல்லாவற்றுக்கும் முன்னால் இதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு டவுன்லோடில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று. அதைப் பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. பாட்டு அதைப் படைத்தவர்களுக்கும், அவர்களுக்காகப் பாட்டுக்கு உரிமம் கொடுத்துப் பணம் வசூலிக்கும் பதிப்பாளருக்கும் சொந்தம். ஒலிப்பதிவு வழக்கமாக அதை வெளியிடும் இசை நிறுவனத்துக்கு, அதாவது லேபிளுக்குச் சொந்தம். சொந்தமாக வெளியிடுகிறவர்களுக்கு அது அவர்களுக்கே சொந்தம்.

இந்தக் கட்டுரை முதல் சொத்தைப் பற்றியது மட்டுமே. பாடகருக்கு லேபிள் தரும் ராயல்டி வேறு கணக்கு. நீங்களே எழுதி நீங்களே பாடுகிறீர்கள் என்றால் இரண்டு கணக்கும் உங்களுக்கு உண்டு. ஒன்று வந்துவிட்டதால் மற்றதும் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு பிரதிக்கு எவ்வளவு?

பாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் படைத்தவருக்குச் சேர வேண்டிய தொகைக்கு மெக்கானிக்கல் ராயல்டி என்று பெயர். அமெரிக்காவில் இது 1909-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தோடு வந்தது. அப்போது பியானோ ரோல்களும் இசைத்தட்டுகளும்தான் பிரதிகள். ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று சட்டம் சொன்னது. 1978-இல் 2.75 சென்ட் ஆகும்வரை அந்த 2 சென்ட் அசையவே இல்லை. டவுன்லோடும் ஒரு பிரதிதான், அதற்கும் இதே உரிமை பொருந்தும் என்பதை 1995-இல் வந்த சட்டத் திருத்தம் தெளிவாக்கியது.

இப்போது விகிதத்தைக் குறிப்பது காப்புரிமை ராயல்டி வாரியம். மூன்று நீதிபதிகள் கொண்ட அமைப்பு அது. 2006 முதல் 2022 முடியும்வரை ஒரு டவுன்லோடுக்கு 9.1 சென்ட். விலைவாசி ஏறிக்கொண்டே இருக்க, பதினேழு ஆண்டுகள் ஒரே தொகை. அடுத்த ஐந்தாண்டுக்கும் அதையே நீட்டிக்கலாம் என்று பெரிய லேபிள்களும் பதிப்பாளர் சங்கமும் ஓர் உடன்பாட்டை முன்வைத்தபோது, பாட்டெழுதுகிறவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2022-இல் வாரியம் அதை ஏற்க மறுத்தது. புதிய உடன்பாட்டின்படி 2023-இல் தொகை 12 சென்ட் ஆனது. அதோடு ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப மாற வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. 2024-இல் 12.4, 2025-இல் 12.7 சென்ட். இந்த ஏற்பாடு 2027 வரை நடக்கும். எதிர்த்துப் பேசியதற்குப் பலன் கிடைத்த அரிதான இடம் இது.

இந்த விகிதம் ஐந்து நிமிடம் வரையிலான பாட்டுக்கு. அதற்கு மேல் போனால் நிமிடக் கணக்கு. 2024-இல் நிமிடத்துக்கு 2.38 சென்ட். நிமிடத்தின் ஒரு துண்டும் முழு நிமிடமாகவே எண்ணப்படும். 5 நிமிடம் 1 விநாடி ஓடும் பாட்டு ஆறு நிமிடப் பாட்டு, ஆகவே 14.28 சென்ட். நீளமாக எழுதுகிறவர்கள் தங்கள் கணக்குச் சீட்டில் இதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்தத் தொகை விலையைப் பொறுத்தது அல்ல. கடையில் 1 டாலர் 29 சென்ட்டுக்கு விற்றாலும் 69 சென்ட்டுக்கு விற்றாலும் பாட்டுக்கான தொகை ஒன்றே. இலவசமாகக் கொடுத்தாலும் அதே தொகை தர வேண்டும், உரிமையாளர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. ஆல்பமாக விற்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு.

பணம் யார் கையில் நிற்கிறது?

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்காவில் டவுன்லோடு கடை பாட்டுக்கான பணத்தைப் பொதுவாகப் பதிப்பாளரிடம் நேரே கொடுப்பதில்லை. 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடை 99 சென்ட் விலையோடு திறந்தபோது ஏற்பட்ட வழக்கம் இது. விலையில் ஏறக்குறைய 30 சென்ட்டைக் கடை எடுத்துக்கொண்டது. மீதி ஏறக்குறைய 70 சென்ட் லேபிளுக்குப் போனது. அந்த 70-க்குள்ளேயே பாட்டுக்கான சென்ட்டுகளும் இருந்தன. லேபிள்தான் அதைப் பிரித்தெடுத்துப் பதிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். இன்றும் டவுன்லோடுக்கு இதுதான் பொது வழி.

ஆகவே உங்கள் பாட்டை வேறு ஒருவருடைய லேபிள் வெளியிட்டிருந்தால், டவுன்லோடு பணத்துக்காக நீங்கள் பார்க்க வேண்டியது அந்த லேபிளை. கடைக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை.

லேபிள்கள் இதற்கான உரிமத்தைப் பெரும்பாலும் பேசித்தான் வாங்குகின்றன. 1927-இல் தொடங்கிய ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சி போன்ற அமைப்புகள் வழியாக அது நடக்கும். அப்படியானால் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். பேச்சு ஒத்துவரவில்லை என்றால் காப்புரிமைச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு தரும் கட்டாய உரிமத்தை லேபிள் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. அந்த வழியில் மாதாமாதம், அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் பணமும் கணக்கும் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்காளர் சான்றளித்த கணக்கும் தர வேண்டும்.

கட்டாய உரிமத்துக்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் அனுமதியோடு பாட்டு ஒருமுறை வெளியான பிறகே அது செல்லும். முதல் வெளியீட்டை யாரிடம் கொடுப்பது, என்ன நிபந்தனையில் கொடுப்பது என்பது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் உங்களுக்குப் பேரம் பேசும் பலம் அதிகம், அவசரப்பட்டு விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்களே வெளியிடுகிறீர்களா?

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோக நிறுவனங்கள் வழியாகச் சொந்தமாக வெளியிடுகிறீர்கள் என்றால், லேபிளின் இடத்தில் நிற்பது நீங்கள். அமெரிக்க டவுன்லோடுக்காக விநியோகஸ்தர் உங்கள் கணக்கில் போடும் பணத்துக்குள்ளேயே பாட்டுக்கான தொகையும் அடங்கியிருக்கிறது. தனியாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

பாட்டு முழுவதும் உங்களுடையது என்றால் இதோடு விஷயம் முடிந்தது. நண்பர் ஒருவரோடு சேர்ந்து எழுதியது என்றால் முடியவில்லை. பாதிப் பாட்டு அவருடையது என்றால், 2025 விகிதத்தில் ஒவ்வொரு டவுன்லோடுக்கும் 6.35 சென்ட் அவருக்கு நீங்கள் தர வேண்டிய கடன். கடையோ விநியோகஸ்தரோ அதைத் தானாகப் பிரித்து அவருக்கு அனுப்பிவிடும் என்று நினைக்கக் கூடாது. பணம் உங்களிடம்தான் வந்திருக்கிறது. நட்பு முறிவது பெரும்பாலும் பேராசையால் அல்ல, இந்த விவரம் இரண்டு பேருக்கும் தெரியாததால்தான். விற்பனை சிறியதாக இருக்கும்போதே கணக்குக் கொடுத்துப் பழகுங்கள்.

பேண்ட்கேம்ப் போல ரசிகருக்கு நேராக விற்கும் இடங்களிலும் இதே கதைதான். அங்கே டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு தளத்துக்கு, விற்பனை 5,000 டாலரைத் தொட்டதும் அது 10 விழுக்காடாகக் குறையும். மீதியில் பாட்டின் உரிமையாளர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது விற்கிறவரின் பொறுப்பு.

அடுத்தவர் பாட்டை நீங்கள் பாடி வெளியிடும்போதும் அந்தப் பொறுப்பு உங்களுடையதே. வெளியிடும் முன்பே உரிமம் எடுத்துவிடுங்கள். ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியின் சாங்ஃபைல் சேவையில் 2,500 டவுன்லோடு வரைக்கும் சிறு அளவு உரிமம் வாங்கலாம். பாட்டின் அடிப்படைத் தன்மையை மாற்றவோ, வரிகளை வேறு மொழிக்குக் கொண்டுபோகவோ இந்த உரிமம் இடம் தராது. வீடியோவோடு சேர்ப்பதற்கும் வேறு உரிமம் வேண்டும்.

எழுதிய அன்றே பங்கைத் தாளில் போடுங்கள்

நான் ஒன்றே ஒன்றைத்தான் வற்புறுத்தலாம் என்றால் இதைத்தான் வற்புறுத்துவேன். பாட்டு முடிந்த அன்றே, எல்லாரும் ஒரே அறையில் இருக்கும்போதே, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டின் பெயர், எழுதிய தேதி, ஒவ்வொருவரின் முழுச் சட்டப் பெயர், பதிப்பாளர் பெயர், விழுக்காடு இவை போதும். கூட்டினால் 100 வர வேண்டும். ஒரே பக்கம், வக்கீல் தேவையில்லை.

தாளத்தைக் கட்டியவருக்குப் பங்கு உண்டா, ஒரே ஒரு வரி சொன்னவருக்கு உண்டா என்ற கேள்விகள் அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு அதே கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்கும் மனம் வராது. பங்குகள் கூட்டினால் 110 விழுக்காடு வருகிறது என்றால், தகராறு தீரும்வரை பணத்தை நிறுத்திவைப்பார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் ஒரு சென்ட்டும் வராது.

பதிப்பாளர் எடுப்பது எவ்வளவு?

பதிப்பாளர் உங்கள் பாட்டைப் பதிவு செய்வார், உரிமம் கொடுப்பார், வசூலிப்பார். நல்லவராக இருந்தால் பாட்டுக்கு வாய்ப்பும் தேடித் தருவார். பழைய முறை ஒப்பந்தத்தில் பாதிக்குப் பாதி. பாட்டின் உரிமையை இருவரும் பகிர்ந்துகொள்ளும் இணைப்பதிப்பு ஒப்பந்தத்தில் படைத்தவருக்கு 75, பதிப்பாளருக்கு 25. நிர்வாக ஒப்பந்தத்தில் பாட்டின் உரிமை உங்களிடமே இருக்கும், வசூல் வேலைக்கு மட்டும் 10 முதல் 20 விழுக்காடு கழிப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றரை நிமிடப் பாட்டு, 2024-இல் 10,000 டவுன்லோடு. 12.4 சென்ட் வீதம் 1,240 டாலர். இரண்டு பேர் சமமாக எழுதியது, ஆளுக்கு 620. முதலாமவர் 15 விழுக்காட்டு நிர்வாக ஒப்பந்தத்தில் இருந்தால் அவர் கைக்கு 527 டாலர். இரண்டாமவர் பாதிக்குப் பாதி ஒப்பந்தத்தில் இருந்தால் 310. இணைப்பதிப்பாக இருந்திருந்தால் 465. ஒரே பாட்டு, ஒரே உழைப்பு, ஆனாலும் இவ்வளவு வித்தியாசம். புதிதாக வருகிறவருக்கு என் யோசனை நிர்வாக ஒப்பந்தம்தான். பெரிய முன்பணமோ உண்மையான வாய்ப்புகளோ கையில் தெரிந்தால் ஒழிய, பாட்டின் உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

எழுதிப் பாடுகிறவர்கள் லேபிள் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைக் கவனிக்க வேண்டும். தானே எழுதித் தானே பாடும் பாட்டுகளுக்குச் சட்ட விகிதத்தில் 75 விழுக்காடு மட்டும் தருவோம், அதுவும் ஓர் ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு வரைதான் என்கிற மாதிரி அது இருக்கும். சிடிக்கு அது செல்லும். டவுன்லோடுக்கு அப்படி அல்ல. 1995 ஜூன் 22-க்குப் பிறகு போட்ட ஒப்பந்தமாக இருந்தால், டவுன்லோடு விகிதத்தைச் சட்ட விகிதத்துக்குக் கீழே இறக்கும் ஷரத்து பொதுவாகச் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. பதிவு முழுவதையும் முடித்துவிட்டு, உரிமம் தரும் அதிகாரத்தையும் தன் கையில் வைத்திருந்த பிறகு கலைஞர் போடும் ஒப்பந்தத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கணக்குச் சீட்டில் டவுன்லோடு வரிசையிலும் 75 விழுக்காடே தெரிந்தால் உடனே கேளுங்கள்.

பதிவுகள்

பாட்டு பொதுவில் ஒலிப்பதற்கான பணத்தை வசூலிக்கும் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்பில் சேர்ந்தால் உங்களுக்கு ஐபிஐ எண் கிடைக்கும். படைத்தவரை அடையாளம் காட்டும் எண் அது. பாட்டுக்கு ஐஎஸ்டபிள்யூசி எண், ஒலிப்பதிவுக்குப் பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண். ஒரே பாட்டுக்கு ஐந்து ஒலிப்பதிவுகள் இருந்தால் ஐஎஸ்ஆர்சி ஐந்து, ஐஎஸ்டபிள்யூசி ஒன்று. விற்பனைக் கணக்குகள் ஒலிப்பதிவின் எண்ணோடு வருகின்றன, பணம் போக வேண்டியதோ பாட்டின் உரிமையாளருக்கு. எந்த ஒலிப்பதிவு எந்தப் பாட்டைச் சேர்ந்தது என்ற தகவல் எங்கேயும் பதிவாகவில்லை என்றால் பணம் வழியிலேயே நின்றுவிடும்.

ஆஸ்காப், பிஎம்ஐ கணக்குச் சீட்டில் அமெரிக்க டவுன்லோடுப் பணத்தைத் தேடாதீர்கள். அவை வசூலிப்பது பாட்டு பொதுவில் ஒலிப்பதற்கான தொகையை. ஒரு கோப்பை இறக்கிக்கொள்வது பொதுவில் ஒலிப்பது ஆகாது என்று 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டு அந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

அடுத்து எம்எல்சி, அதாவது மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ். 2018 அக்டோபரில் கையெழுத்தான இசை நவீனமயச் சட்டத்தின்படி உருவாகி, 2021 ஜனவரி முதல் உரிமம் கொடுத்து வருகிறது. ஸ்ட்ரீமிங் சேவைகள் மெக்கானிக்கல் பணத்தை இங்கேதான் செலுத்துகின்றன. டவுன்லோடில் லேபிள் தன் கையால் கொடுக்காமல், எல்லாப் பாட்டுக்கும் சேர்த்து எடுக்கும் பொது உரிமத்தின் கீழ் கடையே செலுத்தும் இடங்களில் அதுவும் இங்கே வரும். சேரக் கட்டணம் கிடையாது. உங்கள் பணத்திலிருந்து கழிவும் கிடையாது, நடத்தும் செலவைச் சேவைகளே ஏற்கின்றன. பதிப்பாளரோ நிர்வாகியோ இருந்தால் அவரே உங்கள் பாட்டுகளைப் பதிவு செய்வார், நீங்களும் தனியாகச் செய்தால் குழப்பம்தான். யாரும் இல்லை என்றால் நீங்களே சேருங்கள். 2021-இல் பழைய காலத்துக்கான உரிமையாளர் தெரியாத பணமாக மட்டும் 42 கோடியே 40 லட்சம் டாலரைச் சேவைகள் எம்எல்சியிடம் ஒப்படைத்தன. பதிவு செய்யாததால் நின்றுபோகும் பணம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சேர்ந்ததும் அவர்களுடைய பொதுத் தேடலில் உங்கள் பாட்டைத் தேடி, பங்கு 100 வருகிறதா, ஒலிப்பதிவுகள் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஸ்ட்ரீமிங் கணக்கு டவுன்லோடு கணக்கு போன்றது அல்ல. அங்கே பாட்டுக்கு இத்தனை சென்ட் என்று கிடையாது. சேவையின் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, கேட்ட எண்ணிக்கைப்படி பிரிக்கிறார்கள். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட்டால் தலை சுற்றும்.

வரிப் படிவத்தையும் மறக்க வேண்டாம். அமெரிக்கர் என்றால் டபிள்யூ-9, வெளிநாட்டவர் என்றால் டபிள்யூ-8பென். இரண்டாவது படிவம் இல்லாமல் போனால் ராயல்டியில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வார்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாம் ஆண்டு முடியும்வரை அது செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வெளியே

மேலே சொன்ன சென்ட் கணக்கும் லேபிள் வழியும் அமெரிக்காவுக்கானவை. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பொதுவாகக் கடையே அந்தந்த நாட்டு உரிமை அமைப்புக்கு நேராகச் செலுத்துகிறது. ஜெர்மனியில் கேமா, ஜப்பானில் ஜாஸ்ராக் மாதிரி. தொகையும் விற்பனை விலையில் ஒரு விழுக்காடாக இருக்கும். சொந்தமாக வெளியிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அந்த நாடுகளின் பாட்டுப் பணம் விநியோகஸ்தர் தரும் தொகைக்குள் இருக்காது. எம்எல்சியும் அமெரிக்கப் பணத்தை மட்டும்தான் வசூலிக்கிறது. வெளிநாடுகளில் விற்பனை இருக்கிறது என்றால், அந்த அமைப்புகளில் உங்கள் பாட்டைப் பதிவு செய்யும் ஒரு நிர்வாகி தேவை. அவர் வாங்கும் 15 விழுக்காடு இந்த இடத்தில் வீண் செலவல்ல.

கணக்கு வந்தால், வராவிட்டால்

கணக்குச் சீட்டு வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்தக் காலத்து விற்பனை, எத்தனை பிரதி, எந்த விகிதம், உங்கள் பங்கு எத்தனை விழுக்காடு என்று நான்கையும் பாருங்கள். 2025 விற்பனைக்கு 9.1 சென்ட் போட்டிருந்தால் அது பழைய விகிதம். எண்ணிக்கையை விநியோகஸ்தரின் அறிக்கையோடோ, பாடகருக்கு வந்த ராயல்டிச் சீட்டோடோ ஒப்பிட்டால் விடுபட்டது தெரிந்துவிடும். ஒரே விற்பனையைப் பற்றி இரண்டு தாள்கள் இரண்டு எண்களைச் சொல்லக் கூடாது அல்லவா.

எதுவுமே வரவில்லை என்றால் லேபிளின் ராயல்டிப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். பாட்டின் பெயர், படைத்தவர்கள், உங்கள் பங்கு, ஐஎஸ்ஆர்சி எண், வெளியான தேதி, கடையில் அது விற்பனையில் இருக்கும் பக்கத்தின் படம், பங்குத்தாளின் நகல் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் வையுங்கள். எந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள், அதன் நகல் எங்கே என்றும் கேளுங்கள். கட்டாய உரிமத்தின் கீழ் என்று சொன்னால், பணம் தரவில்லை என்று நீங்கள் எழுத்தில் அறிவித்து 30 நாளுக்குள் அவர்கள் சரிசெய்யாவிட்டால் உரிமம் தானாக முடிந்துவிடும். அதற்குப் பிறகு விற்கும் ஒவ்வொரு பிரதியும் காப்புரிமை மீறல். பேசி வாங்கிய உரிமம் என்றால், அதில் கணக்குகளைத் தணிக்கை செய்யும் உரிமை எழுதப்பட்டிருக்கிறதா, எத்தனை ஆண்டு வரை பின்னோக்கிப் பார்க்கலாம் என்று படியுங்கள்.

காப்புரிமை வழக்குக்கு அமெரிக்காவில் மூன்று ஆண்டுக் காலவரம்பு. அதனால் லேபிள் பதில் சொல்லாமல் மாதங்களைக் கடத்தினால் மரியாதைக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது கடிதத்தை இசைத்துறை தெரிந்த வக்கீல் எழுதட்டும்.